பதினான்கு மாதங்களாகப் பாதியில் நிற்கும் கைகள்

நீலமை

என் ஈசலில், அதாவது ஓவியம் தாங்கும் சட்டத்தில், ஓர் உருவப்படம் நிற்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர். முகம் முடிந்துவிட்டது. கைகள் பாதியில் நிற்கின்றன, பதினான்கு மாதங்களாக. இளையவன் தவழத் தொடங்கிய வாரத்தில் விட்டது. இப்போது அவனுக்கு இரண்டு வயது. ஈசலின் கீழ்த் திருகைக் கழற்றத் தெரிந்துவிட்டது. மூத்தவளுக்கு ஆறு.

எண்ணெய் வண்ணத்தில்தான் எப்போதும் வேலை செய்தேன். இரண்டு தனிக் கண்காட்சிகள், ஏழெட்டுக் குழுக் கண்காட்சிகள், அவ்வப்போது உருவப்பட ஆர்டர்கள் என்று ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பெயர் கிடையாது. ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது. போன மாதம் ஒரு விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தின் முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அதைக் காலியாக விட்டுவிட்டேன்.

நேரமே இல்லை என்றால் அது பொய். இளையவன் பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறான். வாரக் கணக்கில் பத்து மணி நேரம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகிறது தெரியுமா? வண்ணம் பிதுக்கி, போன முறை கலந்த தோல் நிறத்தை மறுபடி பிடிப்பதற்கே முக்கால் மணி. பிறகு படத்தின் முன் நின்று எங்கே விட்டோம், இந்த விரலை ஏன் இப்படித் திருப்பினோம் என்று யோசிக்க இன்னும் கால் மணி. தூரிகை கேன்வாஸில் பட்ட பத்தாவது நிமிடம் உள்ளறையிலிருந்து குரல். பிதுக்கிய வண்ணம் வீண் என்பதுகூடப் பெரிதில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் ஓர் எரிச்சல் மூள்கிறது. அது பிள்ளை மேல் பாய்கிறது. அன்றைய இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

இதைக் கடந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று நுணுக்கமாகச் சொல்லுங்கள். "நேரத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்", "இந்த நாள்கள் திரும்பி வராது, அனுபவியுங்கள்" ஆகிய இரண்டும் போதுமான அளவு கேட்டாயிற்று.

செதுக்குளி

மூன்று பிள்ளைகளின் அப்பா. லினோ என்ற மென்தகட்டிலும் மரத்திலும் செதுக்கி அச்சுப்படம் செய்கிறேன்.

விடை நீங்கள் எழுதியதற்குள்ளேயே கிடக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் படத்துக்குள் நுழைவதற்கே கழிகிறது. அந்த நுழைவுக் கூலியைக் குறைத்தாக வேண்டும். கலந்த ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பொட்டை ஓர் அட்டையில் வைத்து, எந்தக் குழாயிலிருந்து எவ்வளவு என்று பக்கத்தில் எழுதி ஈசலிலேயே செருகிவிடுங்கள். எழுந்து போகும்போது, அது ஓடிப் போவதாக இருந்தாலும், அடுத்து எதைத் தொட வேண்டும் என்று ஒரே ஒரு வரி. "இடக்கைக் கட்டைவிரல் நிழல், இன்னும் குளிர்ச்சி வேண்டும்" என்ற அளவில் போதும். அதைப் படித்தால் அந்தக் கால் மணி மிச்சம்.

இரண்டாவது, வேலையையே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு நொடியில் கீழே வைக்கக் கூடியது, வைக்க முடியாதது. லினோவில் படத்தைப் பலகைக்கு மாற்றுவதையும் செதுக்குவதையும் எந்தக் கணத்திலும் நிறுத்தலாம் (உளியை உயரே வைத்துவிட்டு). மை தடவி அச்செடுப்பதை நிறுத்த முடியாது. மை காய்ந்துவிடும், நனைத்து வைத்த தாள் உலர்ந்துவிடும். அதனால் மாதத்தில் ஒரு நாள் மட்டும் அச்சு. மற்ற நாளெல்லாம் செதுக்கல். எண்ணெயை விட்டு லினோவுக்கு நான் வந்ததே இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான்.

அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவாவை நினைத்துப் பாருங்கள். ஆறு பிள்ளைகள். 1947இல் மெக்சிகோவின் தொலூக்காவில் கம்பியால் கூடை பின்னும் முறையைக் கற்றார். அதற்கு வேண்டியது கம்பிச் சுருளும் கையும்தான். வாடை இல்லை, காய வேண்டியதில்லை, எந்த வளையத்திலும் நிறுத்தலாம், அதே வளையத்திலிருந்து தொடரலாம். வீட்டுக்குள்ளேயே, பிள்ளைகள் சுற்றிலும் விளையாட, உத்தரத்திலிருந்து தொங்கும் அந்தச் சிற்பங்களைச் செய்தார். இமோஜன் கன்னிங்காம் எடுத்த புகைப்படங்களில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

பழஞ்சட்டகம்

செதுக்குளி அன்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் இந்த யோசனையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வயது அறுபத்து மூன்று. பெரிய கேன்வாஸ் ஓவியர். இரண்டு பெண்கள், இருவரும் வளர்ந்துவிட்டார்கள்.

"வேலையை வீட்டுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்" என்கிறோம். முதலில் அளவு குறையும். பிறகு ஊடகம் மாறும். பிறகு பொருள் மாறும், கண்ணெதிரே கிடக்கும் பொம்மையை வரைவோம். அதன்பின் வாழ்த்து அட்டை. ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தோன்றும். எந்தப் படியில் கலைஞர் இறங்கிப் போனார் என்பதே தெரியாது.

சுவீடனின் கார்ல் லார்சன் தன் வீட்டையும் பிள்ளைகளையும் வரைந்த நீர்வண்ணப் படங்களை உலகம் கொண்டாடியது. அந்தப் படங்களில் தெரியும் விரிப்புகளையும் திரைகளையும் நெய்து வடிவமைத்தவர் அவர் மனைவி காரின். அந்த அம்மாளும் ஓவியர். ஸ்டாக்ஹோமில் முறையாகக் கலை பயின்றவர். எட்டுப் பிள்ளைகள். தூரிகையை விட்டுவிட்டார். நெசவில் அவர் செய்தது அபாரமானது, வடிவமைப்பு வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே எட்டுப் பிள்ளைகள் பிறந்ததற்காகக் கார்ல் எதை விட்டார்?

நீலமை, கலையை வளைக்கும் முன் வீட்டை வளைக்க முடியுமா என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரத் தூக்கத்தைப் பற்றி எழுதினீர்கள். அந்த வீட்டிலிருக்கும் இன்னொரு பெரிய ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

செதுக்குளி

அம்மா, ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். அசாவா இறங்கிப் போனாரா? ஆளுயரத்தையும் தாண்டித் தொங்குகின்றன அவருடைய சிற்பங்கள். தடை கொடுத்த வடிவம் அது. தடை இல்லாதிருந்தால் அந்த வடிவமே வந்திருக்குமா?

மேலும், எண்ணெயை விட்டவன் நான். என் வீட்டில் தூரிகையைக் கீழே வைத்தது அப்பா. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சட்டகம்

சேர்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டைப் பற்றி அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அசாவா பின்னலைக் கற்றது 1947இல். முதல் பிள்ளை பிறந்தது அதற்குப் பிறகு. கையில் இருந்த கலை வீட்டுக்குப் பொருந்தியது அவருக்கு வாய்த்த நல்வினை. பொருந்தாத கலையைக் கையில் வைத்திருப்பவரிடம் அவரை உதாரணம் காட்டுவது, குட்டையாக இருப்பவரிடம் "உயரமானவருக்கு எட்டுகிறதே" என்பது போல.

ஆளிவிதை

இந்த விவாதம் சுவையாகப் போகிறது, குறுக்கிடவும் மனமில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை, எண்ணெய் வண்ணம், ஈசலின் திருகு வரை எட்டும் கை என்று படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. வண்ணப் பொருள்களைப் பற்றிப் பாடம் எடுப்பவன் நான்.

டர்பன்டைன் என்ற கரைப்பானை வீட்டுக்குள் நுழையவிடாதீர்கள். வாடை இல்லை என்று விற்கும் கரைப்பானும் ஆவியாகவே செய்கிறது, மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். உருவப்பட வேலைக்குக் கரைப்பானே தேவையில்லை. தூரிகையை முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, பிறகு சோப்பால் கழுவினால் போதும். எந்தத் திரவத்தையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். இப்படித்தான் விபத்துகள் நடக்கின்றன. நச்சுள்ள ஈய வெள்ளையும் காட்மியம் நிறங்களும் இருந்தால் பூட்டி வையுங்கள். டைட்டானியம் வெள்ளை உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். காய்ந்த பரப்பைத் தேய்க்க வேண்டி வந்தால் வறட்டுத் தேய்ப்பு வேண்டாம், தூள் பறக்கும், நனைத்துத் தேயுங்கள். பாஸ்டல் என்ற வண்ணக்கட்டியின் பக்கம் போகும் எண்ணம் இருந்தாலும் இதே பேச்சுதான். தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

பலருக்குத் தெரியாதது இது: ஆளி விதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கலாம். பிள்ளை அழுதது என்று துணியைச் சுருட்டி எறிந்துவிட்டு ஓடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். துணியை விரித்துக் காய விடுங்கள், அல்லது நீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

வண்ணம் வீணாகிறது என்றீர்கள். எண்ணெய் வண்ணத்தின் நற்குணமே அது மெல்லக் காய்வதுதான். தட்டின் மேல் காற்றுப் புகாத மூடி போட்டால் மறுநாளும், பல நிறங்கள் மூன்றாம் நாளும் உயிரோடு இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் தாங்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் உணவு வைக்கும் பெட்டியில் வேண்டாம். இடைஞ்சல் நிறைந்த வீட்டில் அக்ரிலிக்தான் வசதி என்று எல்லோரும் சொல்வது எனக்குப் புரிவதே இல்லை. பத்து நிமிடத்தில் காய்ந்து போகிற வண்ணம் எப்படி வசதியாகும்?

வெள்ளைத்தாள்

நான் நூல்களுக்குப் படம் வரைபவன். மனைவி வெளியே வேலைக்குப் போகிறார், நான்கு வயதுப் பெண்ணோடு வீட்டில் இருப்பவன் நான். பழஞ்சட்டகம் அம்மாவின் பக்கம் ஒரு சாட்சியாக வருகிறேன்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பதிப்பாளரைப் பார்க்கப் போனேன். "எவ்வளவு பொறுப்பான அப்பா" என்று மூன்று பேர் பாராட்டினார்கள். அதே வாரம் என் தோழி ஒருத்தி மகனைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். "இவ்வளவு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கெடுவுக்குள் முடித்துத் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருமானத்தைப் பற்றி இங்கே இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. தொழில் என்று ஆன பிறகு வரைவது பாதி வேலைதான். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆர்டர் எடுக்கும்போது பாதித் தொகை முன்பணம், வரைவுக்கு ஒப்புதல் கிடைத்ததும் இன்னொரு பகுதி, கையளிக்கும்போது மீதி. எத்தனை முறை திருத்தித் தருவேன் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமை என்னிடம், பயன்படுத்தும் உரிமை அவர்களிடம், அதுவும் எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று வரையறுத்து. எனக்குப் பத்து நாள் வேலை என்றால் பதினெட்டு நாள் கேட்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வராத மாதம் உண்டா? முன்பெல்லாம் பத்து நாள் என்று சொல்லிவிட்டு விடிய விடியக் கண்விழித்தேன். அப்படி வரைந்த படங்களைப் பார்த்தால் கோடுகளே தூங்கி வழிகின்றன.

நீலமை, உங்கள் உருவப்பட ஆர்டர்களுக்கும் இது பொருந்தும். அந்த முதியவர் படம் ஆர்டரா, சொந்த வேலையா? ஆர்டர் என்றால் பதினான்கு மாதம் என்பது வேறு பேச்சு.

நீலமை

சொந்த வேலை. என் தாத்தா. இப்போது இல்லை. எனவே யாரும் கெடு வைக்கவில்லை, கேட்கவும் ஆளில்லை. அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

ஆளிவிதை அவர்களுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்க் குப்பைக் கூடையைப் பார்த்தேன். பழைய துணி கிடந்தது, எப்போதோ காய்ந்தது. ஆனாலும் முதுகு சில்லிட்டது.

பழஞ்சட்டகம் அம்மா கேட்ட கேள்வியை நான்கு நாளாகத் தள்ளிப்போட்டேன். கணவர் நல்லவர். விடுமுறை நாளில் "நீ போய் வரை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதான் சொல்வார். நான் கதவைச் சாத்துவேன். இருபது நிமிடத்தில் மெல்லத் தட்டுவார். மருந்து எத்தனை சொட்டு? சிவப்புச் சட்டை எங்கே? இவன் எதற்கு அழுகிறான்? தட்டும்போது குரலில் அவ்வளவு தயக்கம், கோபப்படவும் முடியாது. வெளியே அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டின் வரைபடம் முழுவதும் என் தலைக்குள் இருக்கிறது. கதவைச் சாத்தினாலும் அந்த வரைபடத்தோடுதான் ஈசலின் முன் நிற்கிறேன்.

எழுதிய பிறகுதான் எனக்கே தெரிகிறது, நான் பத்து மணி நேரம் என்று கணக்குப் போட்டது பிள்ளை தூங்கும் நேரத்தை மட்டும்தான். விழித்திருக்கும் நேரத்தில் என்னுடைய பங்கு என்று ஒன்று இருக்கலாம் என்பது கணக்கிலேயே வரவில்லை.

பழஞ்சட்டகம்

அந்த வரைபடத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒட்டினேன். சட்டை எங்கே என்று கேட்பதற்குப் பதிலாக அந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டார் என் வீட்டுக்காரர். எழுதினால் போகாது அது. ஒரு முறை தவறாகச் செய்து, தானே சரிப்படுத்தினால்தான் கைமாறும். அந்தத் தவறை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறைக்குள் இருந்துகொண்டே வெளியே நடப்பதையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தவள் நான். பாத்திரம் உருளும் ஓசை கேட்டால் தூரிகையோடு ஓடுவேன். பிறகு "என்னை யாரும் வரைய விடுவதில்லை" என்று அழுவேன். கதவை வெளியிலிருந்து அவர் தட்டியது பாதிதான், மீதி நேரம் உள்ளிருந்து திறந்தவள் நான்.

கடைசியில் வழிக்கு வந்தது எப்படி என்றால், நான் வீட்டை விட்டு வெளியேறினேன். தவறாக எண்ண வேண்டாம், வாரத்தில் இரண்டு காலை மட்டும். தோழி ஒருத்தியின் மாடியில் ஒரு மூலை. கையெட்டும் தூரத்தில் இல்லாத ஆளைத் தட்டிக் கூப்பிட முடியாது அல்லவா? முதல் மாதம் வீட்டில் ஒரே ரகளை. மூன்றாம் மாதம் பெண்களுக்குத் தலை பின்னிவிட அவரே கற்றுக்கொண்டார், என்னைவிட இறுக்கமாகப் பின்னுவார்.

பழைய கதை ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனியாவில் லவீனியா ஃபொந்தானா என்ற ஓவியர். பதினொரு பிள்ளைகளைப் பெற்றார், அவருக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் மூவர்தான். உருவப்படங்களுக்கும் தேவாலயப் படங்களுக்கும் தேடி வந்து ஆர்டர் கொடுத்தார்கள். கணவரும் ஓவியம் பயின்றவரே. மனைவியின் வேலைக்குத் துணை நின்று அதன் நிர்வாகத்தையும் கவனித்தார். அந்த வீடு லவீனியாவின் தூரிகையில் நடந்தது. ஆகவே இதெல்லாம் நம் காலத்துப் புதுச் சிந்தனை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்துக்கு 1934இல் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. அடுத்த ஆண்டே மூன்று பளிங்கு வடிவங்கள் கொண்ட அந்தச் சிற்பத்தைச் செய்தார் என்று வியப்போடு சொல்வார்கள். குழந்தைகளைச் சில காலம் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தார் என்ற பகுதியை மெல்ல விழுங்கிவிடுவார்கள். அதைச் சொன்னால் தாய்மைக்கு இழுக்கு என்று நினைப்பு. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியம். யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் பின்னால் ஒருவர் இருக்கிறார், ஆண் செய்த சிற்பத்துக்குப் பின்னாலும்தான். அங்கே யாரும் கேட்பதில்லை, அவ்வளவே.

அடுத்த அறை

நான் கலைஞன் அல்ல. அம்மா ஓவியர். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவன்.

நீலமை அவர்கள் எரிச்சலைப் பற்றி எழுதியிருந்ததால் சொல்லத் தோன்றியது. சாத்திய கதவு எங்களை வருத்தவில்லை. அது சாத்தியிருந்தால் விளையாடுவோம், திறந்தால் ஓடுவோம்; பிள்ளைகளுக்கு அது மழை போல, வெயில் போல. திறந்திருந்த கதவுதான் வருத்தியது. எங்களோடு உட்கார்ந்திருப்பார், கண் மட்டும் எங்கோ இருக்கும். ஒன்றைக் கேட்டால் மூன்றாம் முறைதான் பதில் வரும், அதில் ஒரு சலிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று வரையாத அம்மாவைவிட வரைந்துவிட்டு வந்த அம்மா எங்களுக்குப் பிடித்தவர். அவர் கையில் எண்ணெய் வாடை வரும் நாள் நல்ல நாள் என்று எனக்கும் தம்பிக்கும் ஒரு கணக்கு.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. எங்களை மாதிரியாக உட்கார வைத்து வரைவார். எனக்கு எட்டு வயதில் அது போதும் போதும் என்றாகிவிட்டது. நான் அழுதுகொண்டிருந்த ஒரு நாளைப் படமாக்கிக் கண்காட்சியில் வைத்தார். பள்ளி நண்பன் ஒருவன் பார்த்துவிட்டான். இன்றும் அந்தப் படத்தை நான் நேராகப் பார்ப்பதில்லை. ஜெர்மன் ஓவியர் கேட் கோல்விட்ஸ் 1903இல் செத்த குழந்தையைத் தாய் அணைத்திருப்பது போல ஒரு படம் செய்தார் அல்லவா? ஏழு வயது மகன் பேட்டரை மடியில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்து வரைந்தது. வலி தாங்காமல் அவர் முனகியபோது, அழகாகத்தான் வரும் அம்மா என்று அந்தப் பிள்ளை தேற்றியதாக அவரே எழுதியிருக்கிறார். 1914 போரில் அந்தப் பேட்டர் இறந்து போனான். அதைப் படித்த நாளிலிருந்து அம்மாவின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. ஏன் தணிந்தது என்று கேட்காதீர்கள், எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பிள்ளையை வரைந்தால், வெளியே வைக்கும் முன் அதனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

மூன்றாம் கோடு

மட்பாண்டக் கலைஞர், ஐந்தாண்டு இடைவெளி. வீட்டுச் சிக்கலை எப்படியோ சமாளித்தேன், வெளியே இருக்கும் சிக்கல்தான் தாண்ட முடியவில்லை. நல்கைகளிலும் போட்டிகளிலும் பாதி "முப்பத்தைந்து வயதுக்குள்". மீதியில் "கடந்த மூன்றாண்டுகளில் நடத்திய கண்காட்சிகள்". கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் உறைவிட முகாம் என்றால் மூன்று மாதம், குடும்பத்துக்கு இடமில்லை. இருபத்தெட்டில் பிள்ளை பெற்றவள் எந்தக் கட்டத்தில் பொருந்துவாள்?

வெள்ளைத்தாள்

அந்த வயது வரம்பைப் பற்றி ஒரு நல்ல செய்தி. பிரிட்டனின் டர்னர் பரிசுக்கு 1991 முதல் ஐம்பது வயது வரம்பு இருந்தது. 2017இல் எடுத்தார்கள். எடுத்த அதே ஆண்டில் பரிசு பெற்றவர் லுபைனா ஹிமித், வயது அறுபத்து மூன்று. வரம்பு இருந்த காலமெல்லாம் எத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இடைவெளியை எப்படி எழுதுவது என்றால், நான் எழுதியே விடுகிறேன். "இந்த இரண்டாண்டுகள் முழுநேரக் குழந்தை வளர்ப்பு" என்று ஒரே வரி, மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அதற்காக என்னை ஒதுக்கியவர்கள் இருக்கலாம், அவர்கள் காரணம் சொல்வதில்லை. இன்னொரு வழி, முகாமுக்கு எழுதி நேரடியாகக் கேட்பது: மூன்று மாதத்தை மூன்று மூன்று வாரமாகப் பிரித்து எடுக்கலாமா, பிள்ளையை அழைத்து வரலாமா என்று. நான் நான்கு இடங்களில் கேட்டேன், ஓரிடத்தில் சரி என்றார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

செதுக்குளி

மூன்றாம் கோடு அவர்களுக்கு ஆறுதலாகச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவைச் சொல்ல வந்தேன். மூன்று மகன்களை வளர்த்தவர், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி நடந்தது 1982இல், எழுபது வயதில். எழுதி முடிக்கும் முன்பே பழஞ்சட்டகம் அம்மாவின் குரல் காதில் விழுந்தது: "எழுபது வரை காத்திரு என்கிறீர்களா?" எனவே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சட்டகம்

சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஆனால் உங்களுக்கு ஒரு பெயர் தருகிறேன், நம் இருவர் கட்சிக்கும் பொதுவானவர். மியர்ல் லேடர்மன் யூகலஸ். முதல் பிள்ளை பிறந்த பிறகு, 1969இல், பராமரிப்பு வேலையையே தன் கலையாக அறிவித்து ஓர் அறிக்கை எழுதினார். துடைப்பது, கழுவுவது, மாற்றுவது எல்லாம் கலை. 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவினார், அது நிகழ்த்துகலை. பிறகு நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையிலேயே சம்பளமில்லாத உறைவிடக் கலைஞராகச் சேர்ந்து, அங்குள்ள ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு ஒவ்வொருவராகக் கைகுலுக்கி நன்றி சொன்னார். கலையை வீட்டுக்கு ஏற்ப வெட்டினாரா, வீட்டைக் கலைக்குள் இழுத்து வந்தாரா? நாம் மாறி மாறிச் சண்டை போடலாம்.

செதுக்குளி

சம்பளமில்லாத என்ற சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்கிறேன்.

நீலமை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

கணவரிடம் பேசினேன். சண்டையாகத் தொடங்கி, பாதிச் சண்டையில் இளையவன் எழுந்து, அவனைத் தூங்க வைத்துவிட்டு மீதியைத் தொடர்ந்தோம். இப்போது வாரத்தில் இரண்டு காலை எனக்கு. மாடி மூலை கிடைக்கவில்லை; நூலகத்தில் கோட்டோவியம் மட்டும் போடுவதாக வைத்துக்கொண்டேன். எண்ணெய் வேலை, அவர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் விடுமுறை நாளில். திரும்பி வரும்போது யாருக்காவது ஒரு செருப்பு இருக்காது. வாயைத் திறக்காமல் இருக்கப் பழகுகிறேன், பழஞ்சட்டகம் அம்மாவை நினைத்துக்கொண்டு.

முதல் காலை நூலகத்தில் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். இரண்டாம் காலை என் இடக்கையை வரைந்தேன், பதினோரு முறை. நன்றாக இல்லை. விரல் கணுக்கள் எல்லாம் மறந்து போயிருக்கின்றன. மூன்றாம் வாரத்தில் ஒரு கட்டைவிரல் மட்டும் தேறியது.

நேற்று படத்தைத் திறந்து ஈசலைத் திருப்பி வைத்தேன். ஒரு சந்தேகம், ஆளிவிதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். முகத்தின் நிழல் பகுதிகள், தாத்தா அணிந்திருக்கும் கோட்டின் கறுப்பு எல்லாம் வெளிறிச் சாம்பல் பூத்தது போல இருக்கின்றன. நான் இவ்வளவு மட்டமாகவா வரைந்திருந்தேன்? பதினான்கு மாதம் காய்ந்த பரப்பின் மேல் புதிய வண்ணம் ஒட்டுமா? அட்டையிலிருக்கும் பழைய நிறக் கணக்கைப் பின்பற்றினால் (செதுக்குளி சொல்லும் முன்பே வேறு ஏதோ காரணத்துக்காகக் குறித்து வைத்திருந்தேன், ஓர் அட்டை அகப்பட்டது) எதுவும் பொருந்தவில்லை.

ஆளிவிதை

நீங்கள் மட்டமாக வரையவில்லை. அடர்நிறங்களில் உள்ள எண்ணெய் கீழே உறிஞ்சப்பட்டு மேற்பரப்பு மங்கியிருக்கிறது, கறுப்பிலும் அம்பர் என்ற மண் பழுப்பிலும் அதிகமாக நடப்பது. நிறம் அப்படியே உள்ளே இருக்கிறது.

மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பஞ்சு உதிராத துணியில் சில சொட்டு ஆளி விதை எண்ணெய் விட்டு, வேலை செய்யப் போகிற பகுதியில் மட்டும் மிக மெல்லத் தேய்த்துவிட்டு, இன்னொரு துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். மினுமினுப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். எண்ணெயைத் தேக்கினால் பிற்பாடு மஞ்சளாகும். துடைத்ததும் பழைய நிறம் மேலே வரும். அதற்குப் பிறகு உங்கள் அட்டையை வைத்துப் பாருங்கள், பொருந்தும். கலந்துவிட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

ஒட்டும், கவலை வேண்டாம். புதிய வண்ணத்தில் அடியிலுள்ளதைவிட எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். வார்னிஷ் பக்கம் இப்போது போகாதீர்கள். கைகள் முடிந்து ஆறு மாதமாவது காயட்டும்.

அந்த இரண்டு துணிகளையும் விரித்துப் போட மறக்க வேண்டாம்.